பக்கத்து இருக்கையிலிருந்து வரும் மணம்

வாசகர் கேள்வி – பதில்

பேருந்தில் கைப்பேசியைச் சத்தமாக ஒலிக்கவிடுவோரைப் பற்றி முந்தைய இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தோம். அதைப் படித்த பலர், காதுக்கு வரும் தொல்லையைச் சொல்லிவிட்டு மூக்குக்கு வரும் தொல்லையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சென்ட், அத்தர், பூ, தைலம், மீன்கூடை என்று கடிதங்கள் பல திசைகளில் போகின்றன. அவற்றுள் குமரி மாவட்டத்திலிருந்து வந்தவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். தினமும் ஒரே பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு அது நல்லது.

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிறேன். இடையில் ஏறும் ஒருவர், சட்டை நனையும் அளவுக்கு சென்ட் அடித்துக்கொண்டு வருகிறார். அவர் அருகில் நின்றால் தக்கலை தாண்டுவதற்குள் எனக்குத் தலைவலி தொடங்கிவிடுகிறது. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அவரிடம் சொல்லலாமா? சொன்னால் அவமானப்படுத்துவதாக ஆகிவிடாதா? (ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தம்மீது வரும் மணம் எவ்வளவு கடுமையானது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். ஒரே சென்டை மாதக்கணக்கில் பயன்படுத்துகிறவருக்கு, புட்டியைத் திறந்த நேரத்தில்கூட மணம் மெலிந்தே தெரியும். எனவே, நேற்றைவிட இன்று மணம் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு முறை அடித்துக்கொள்வார். உங்களைத் துன்புறுத்தும் எண்ணம் எதுவும் இல்லாமலேயே அவர் உங்களைத் துன்புறுத்திக்கொண்டிருக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் குரலில் கோபம் தானாகக் குறையும்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பலருக்கு வாசனை தாங்காது. வலி வந்தபின் எந்த மணமும் எரிச்சலூட்டுவது ஒரு வகை. குறிப்பிட்ட மணமே வலியைக் கிளப்பிவிடுவது இன்னொரு வகை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கடுமையான செயற்கை மணங்கள் மூச்சிறைப்பைத் தூண்டுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. ஆகவே நீங்கள் கேட்கப்போவது ரசனையைப் பற்றிய கேள்வியாக இருக்கக் கூடாது. “உங்கள் சென்ட் நாறுகிறது” என்று தொடங்கினால், அவருடைய ரசனைக்கு நீங்கள் மதிப்பெண் போடுவதாக ஆகிவிடும். பின்பு அவர் தம் ரசனைக்காகச் சண்டையிடுவார். உங்கள் நோயைப் பற்றி மட்டும் பேசுங்கள். “சார், ஒண்ணும் நெனைக்காதீங்க. எனக்கு மைக்ரேன் உண்டு, சென்ட் வாசனை பட்டா உடனே வந்திரும். நம்ம ரெண்டு பேரும் தினமும் ஒரே வண்டியிலதான் போறோம், கொஞ்சம் கொறச்சுப் போட்டா எனக்குப் பெரிய ஒத்தாசையா இருக்கும்” என்கிற அளவு போதும். வயதில் இளையவராக இருந்தால் “தம்பி” என்று தொடங்கலாம்.

எங்கே சொல்வது என்பதும் முக்கியம். நெரிசலில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னால், கேட்கிறவருக்கு ஒப்புக்கொள்ள வழியே இருக்காது. இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்குவீர்களானால், இறங்கியபின் ஓரமாக நின்று சொல்லுங்கள். சொல்லும் நாள் வரைக்கும் நீங்களே தள்ளி நிற்பதுதான் வழி. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரே இருப்பவரைப் பார்த்துக் கண்ணைச் சுழற்றுவது, வேண்டுமென்றே இருமுவது, பக்கத்தில் இருப்பவரிடம் ஜாடையாகப் பேசுவது ஆகியவற்றால் எதுவும் நடக்காது. நடத்துநரை இதில் இழுக்காதீர்கள். சில்லறைக்கும் படிக்கட்டுப் பயணத்துக்கும் பதில் சொல்லியே அவருக்குப் பொழுது போய்விடுகிறது.

மழைக்காலம் வரும்போது இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு பருவமழை என்றால், நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை, நடுவில் சில வாரங்கள் தவிர, பேருந்தின் ஜன்னல் அடைப்புகள் கீழே இறங்கியே இருக்கும். காற்று மாறாத இடத்தில் ஒருவர் போட்டுவரும் மணம் ஐம்பது பேருக்கும் பங்காகிறது. அந்த மாதங்களுக்காவது அவர் குறைத்துக்கொண்டால் உங்களுக்குப் பாதி நிம்மதி.

கேள்வி: சவுதியில் இருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். அங்கே அத்தரும் ‘ஊது’ என்னும் அகில்கட்டை மணமும் பயன்படுத்திப் பழகிவிட்டது. இங்கே பேருந்தில் ஏறினால் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எவ்வளவு போட்டால் சரி? (ஒரு வாசகர், திருவிதாங்கோடு)

பதில்: அங்கே குளிரூட்டிய அறையிலிருந்து குளிரூட்டிய காருக்குப் போகிறீர்கள். இங்கே குளித்துவிட்டு வாசலைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிடுகிறது. சூடான தோலிலிருந்து மணம் வேகமாக ஆவியாகும். அங்கே அளவாக இருந்தது இங்கே அதிகமாகத் தெரிவதற்கு முதற்காரணம் இதுதான்.

புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஓ டி பர்ஃபம்’ என்று இருந்தால், அதில் மணப்பொருள் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். ‘ஓ டி டாய்லெட்’ என்றால் 5 முதல் 15 வரை. ‘கொலோன்’ என்றால் 2 முதல் 4 வரைதான். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். முதல் வகையை மூன்றாம் வகையைப் போல நினைத்துக் கழுத்தில், மார்பில், இரு கைகளில், சட்டையில் என்று அடித்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. அதிலும் அடித்த முதற் சில நிமிடங்களில் ஆல்கஹாலும், எலுமிச்சை போன்ற இலேசான மணங்களும் ஒரேயடியாகக் கிளம்பும். அதன் பிறகே மணம் அடங்கி நிலைக்கும். வண்டி வரும் ஓசை கேட்டபின் அடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறுகிறவர், அந்தக் கடுமையான கட்டத்தைப் பேருந்துக்குள் கொண்டுவருகிறார். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போட்டுக்கொண்டால் அந்த முதல் வீச்சு வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

அத்தர் வேறு வகை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்பு வாலையில் பூக்களைக் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்வது பழைய முறை. அதில் ஆல்கஹால் இல்லை என்பதால் தொடக்கத்தில் ஆளை அடிக்காது. ஆனால் எண்ணெய் என்பதால் எளிதில் போகவும் போகாது. காலையில் பள்ளிவாசலுக்குப் போகும்போது தடவியது மாலைவரை சட்டைக் காலரில் இருக்கும். கண்ணாடிக் குச்சியின் நுனியில் ஒட்டியதை ஒரு மணிக்கட்டில் தொட்டுக்கொண்டால் போதும், துணியில் வேண்டாம். ஊது மணம் பிடித்தவர்களுக்கு அமிர்தம், பழகாதவர்களுக்குக் கொஞ்சம் கனம். நெரிசல் நேரப் பேருந்துக்கு அதைத் தவிர்த்துவிட்டு, திருமண வீட்டுக்கும் பெருநாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. கை நீட்டும் தூரத்துக்குள் வருகிறவருக்கு மட்டும் மணம் தெரிய வேண்டும் என்று ஒரு பொதுவான அளவு சொல்வார்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸில் கை நீட்டும் தூரத்துக்குள் பன்னிரண்டு பேர் நிற்பதால், அந்த அளவையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி: பேருந்தில் மீன்கூடைகளை ஏற்றுவதை ஏன் தடை செய்யக் கூடாது? சென்ட் போடுகிறவர்களுக்குப் புத்தி சொல்லும் நீங்கள், மீன் நாற்றத்தைப் பற்றியும் எழுத வேண்டும். (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிறபடி எழுத முடியாது.

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மீன் விற்றுவிட்டு வாணியக்குடிக்குத் திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய வயதான பெண்மணி ஒருவர், மீன் வாடை வீசுகிறது என்று சொல்லி இறக்கிவிடப்பட்டார். அந்த நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்டு அழுத காட்சி நாடு முழுவதும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநர், நடத்துநர், நேரக் கண்காணிப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கவனியுங்கள், அன்று அவர் மீனை விற்று முடித்திருந்தார். அவரை இறக்கிவிடக் காரணமாகச் சொல்லப்பட்டது அவருடைய தொழில் அவர் உடையில் விட்டுவைத்திருந்த வாடைதான். மகளிர் டவுன் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற திட்டம் அதே ஆண்டு மே மாதத்தில்தான் தொடங்கியிருந்தது. காசு கொடுக்காமல் ஏறுகிறவர்கள்தானே என்ற எண்ணமும் சிலர் மனத்தில் சேர்ந்துகொண்டதோ என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நான் வைத்துக்கொண்டிருக்கும் கோடு இதுதான். விரும்பிப் பூசிக்கொண்டு வரும் மணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்குச் சகபயணிக்கு உரிமை உண்டு. ஏனென்றால் அதைப் போடாமல் வந்தாலும் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. பிழைப்பினால் உடம்பில் ஏறிய மணத்தைப் பற்றி முகம் சுளிக்க யாருக்கும் உரிமை இல்லை. குலசேகரம், அருமனைப் பக்கத்தில் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வருகிறவரின் சட்டையில் ஒட்டுப்பாலின் புளித்த வாடை இருக்கும். முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் முந்திரி எண்ணெயின் கறையும் காந்தலும் குளித்தாலும் போகாது. தேங்காய்த் தொண்டு (மட்டை) ஊறவைக்கும் குளத்தில் இறங்கி வேலை செய்தவரை அவர் வருவதற்கு முன்பே தெரியும். இவர்கள் எல்லோரும் ஏறாத பேருந்து என்று ஒன்று இருக்குமானால், அது குமரி மாவட்டத்தில் ஓடும் பேருந்தாக இருக்காது. நீங்கள் மதியம் சாப்பிட்ட மீனும் இப்படி ஒரு பெண்ணின் தலைமேல்தான் உங்கள் தெருவுக்கு வந்தது.

கூடையைப் பற்றிக் கேட்டால் அது வேறு. மீனுள்ள கூடையிலிருந்து தண்ணீர் வடிந்து மற்றவர் காலடிக்கும் பைக்கும் வராதபடி பார்த்துக்கொள்வது ஏற்றுகிறவரின் பொறுப்பு. பனையோலைக் கடவத்தைவிட மூடியுள்ள அலுமினியச் சருவமோ பிளாஸ்டிக் பெட்டியோ நல்லது. அதைப் பின்வாசல் ஓரமாக வைக்கலாம். அந்தப் பெண்களில் பலர் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். முன் இருக்கையில் தொட்டுக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

கேள்வி: என் அம்மா மீன் விற்கிறார். காலையில் ஏலத்துக்குப் போய்வந்தபின் நானும் கூடமாட வேலை செய்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்படுகிறேன். வாடை தெரியக் கூடாது என்று பாடி ஸ்பிரே நிறைய அடித்துக்கொள்வேன். இப்போது வகுப்புத் தோழிகள், உன் ஸ்பிரே தாங்க முடியவில்லை என்கிறார்கள். எதை மறைப்பது? (ஒரு மாணவி, குளச்சல் அருகே)

பதில்: அன்பு மகளுக்கு, முதலில் வாடையைப் பற்றிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கடல்மீனின் தசையில் உப்புநீரைச் சமாளிப்பதற்கான ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்தபின் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்தில் அமீன் என்ற பொருளாக மாற்றுகின்றன. நாம் மீன் வாடை என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். அது காரத்தன்மை உடையது. புளிப்புப் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறி, மணப்பதை நிறுத்திவிடும். உங்கள் அம்மா குழம்பில் புளி விடுவதற்கும், நறுக்கிய மீனை உப்பும் புளியும் போட்டுக் கழுவுவதற்கும் பின்னால் இருக்கும் வேதியியல் இதுவே.

கைகளுக்கும் அதையே செய்யுங்கள். சோப்புப் போடுவதற்கு முன், கரைத்த புளித்தண்ணீரையோ எலுமிச்சைத் தோலையோ விரல் இடுக்குகளிலும் நகக்கண்களிலும் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேண்டாம், எரியும். கூந்தலில்தான் வாடை அதிகம் தங்கும் என்பதால், வேலை செய்யும்போது தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வேலைக்கென்று ஓர் உடை, கல்லூரிக்கென்று ஓர் உடை என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே கொடியில் போடாதீர்கள். பாலியெஸ்டர் துணி வாடையைப் பருத்தியைவிட விடாப்பிடியாக வைத்துக்கொள்ளும். துவைத்தாலும் மிச்சம் இருக்கும்.

பாடி ஸ்பிரே வாடையை நீக்குவதில்லை, அதன்மேல் இன்னொன்றை ஏற்றி வைக்கிறது. தோழிகளின் மூக்கில் சேர்வது இரண்டும் கலந்த ஒரு மூன்றாவது மணம். வியர்வையின் மேல் அடித்தாலும் இதே கதைதான். புதிய வியர்வைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. அக்குளில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. எனவே குளித்துத் துவட்டிய உடம்பில் ஒரு முறை அடித்தால் அது வேலை செய்யும். வியர்த்தபின் பத்து முறை அடித்தாலும் செய்யாது.

எல்லாம் செய்தபின்னும் இலேசாக ஏதோ தெரிகிறது என்று யாராவது சொன்னால், “ஆமா, எங்க வீட்டுல மீன் வியாபாரம்” என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கல்லூரிக் கட்டணம் அந்தச் சருவத்திலிருந்துதானே வருகிறது.

கேள்வி: வாரந்தோறும் இரணியலில் இருந்து ரயிலில் திருவனந்தபுரம் போகிறேன். தலையில் பிச்சிப்பூ வைத்திருந்ததற்கு எதிரே இருந்த ஒரு பெண், “பூவை எடுத்துவிட முடியுமா” என்று கேட்டார். பூ வைப்பதும் குற்றமா? (ஒரு வாசகி, தக்கலை)

பதில்: குற்றமில்லை. தோவாளைப் பூச்சந்தை இருக்கும் மாவட்டத்தில் பூவைக் குற்றம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? இருந்தாலும் அந்தப் பெண் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கக்கூடும்.

காலையில் திருவனந்தபுரம் போகும் ரயிலில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள் போக, மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குப் போகிறவர்களும் ஏராளம். மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனையும் அங்கேதான் உள்ளன. இரணியலிலும் குழித்துறையிலும் கையில் பெரிய காகித உறையோடு ஏறுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீமோதெரபி எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பிடித்த மணமே குமட்டலாக மாறிவிடுவது உண்டு. கருவுற்ற முதல் மாதங்களில் இருக்கும் பெண்களுக்கும் அப்படியே. அவர்கள் தங்கள் காரணத்தைப் பெட்டி முழுவதற்கும் அறிவிக்க மாட்டார்கள். அறிவிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

பிச்சியும் மல்லியும் தங்கள் பங்குக்கு இலேசான பூக்கள் அல்ல. மல்லிகை மணத்தில் இண்டோல் என்ற பொருள் சிறிதளவு இருக்கிறது. அது அளவோடு இருந்தால் பூவுக்கு ஆழம் தரும். நெருக்கத்தில் அதிகமானால் வயிற்றைப் புரட்டும். மொட்டாகத் தொடுத்த சரம் பொழுது ஏற ஏற விரியும்போது மணமும் கூடும் என்பதால், வீட்டில் உங்களுக்குத் தெரிந்த மணமும் பாறசாலை தாண்டும்போது எதிரே இருப்பவருக்குத் தெரியும் மணமும் ஒன்றாக இருக்காது. நீளமான பயணத்துக்குச் சரத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். அல்லது வாழையிலையில் சுற்றி ஒரு டப்பாவில் கொண்டுபோய், இறங்கியபின் வைத்துக்கொள்ளலாம். பூவும் வாடாமல் இருக்கும். கேட்கப்பட்ட பின்னும் எடுக்க மனமில்லை என்றால், இடம் மாறி உட்காருங்கள், அதுவும் மரியாதைதான்.

கேள்வி: பேருந்தில் ஏறியதும் கோடாலித் தைலத்தையும் அமிர்தாஞ்சனத்தையும் திறந்து தேய்த்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது? (ஒரு வாசகர், கருங்கல்)

பதில்: அவர்களை மன்னிப்பது. தலைச்சுற்றலும் வாந்தியும் வரும் என்ற பயத்தில்தான் பெரும்பாலானோர் தைலத்தைத் திறக்கிறார்கள். அவர்கள் வாந்தி எடுப்பதைவிட இது எல்லோருக்கும் மேல். ஆனால் மடியில் கைக்குழந்தையோடு யாராவது பக்கத்தில் இருந்தால் திறக்காதீர்கள். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பயன்படுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கைக்குட்டையில் ஒரு துளி விட்டு மூக்கருகே பிடித்துக்கொண்டால், தேய்த்தவருக்கும் பயன் கிடைக்கும், பேருந்து முழுவதும் அந்த வீச்சு பரவாது.

கேள்வி: ரயில் பெட்டியிலேயே பாடி ஸ்பிரே அடிக்கிறார்களே? (ஒரு வாசகி, குழித்துறை)

பதில்: அடிக்கக் கூடாது. மணம் மட்டும் காரணமில்லை. அந்தக் குப்பியில் மணத்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்கள். நம் சமையல் எரிவாயுவில் இருப்பவையும் அவைதான். கூடவே ஆல்கஹாலும் உண்டு. மூடிய பெட்டியில், யார் கையில் தீப்பெட்டி இருக்கிறது என்று தெரியாத இடத்தில், அதைப் பீய்ச்சுவது புத்திசாலித்தனமில்லை. இறங்கியபின் நடைமேடையில் அடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் ஏதாவது இருக்கிறதா? வெளிநாடுகளில் எப்படி? (ஒரு வாசகர், அகஸ்தீஸ்வரம்)

பதில்: பேருந்தில் இவ்வளவுதான் சென்ட் போடலாம் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை, வரவும் வேண்டாம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், அருவருப்பூட்டும் சரக்குகளை முறையின்றி ரயிலில் கொண்டுவருவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் அது சுமையைப் பற்றியது, சட்டையைப் பற்றியது அன்று. புகைபிடிப்பதற்குத் தடை உண்டு. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்கள் அனைத்திலும் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது.

சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் கடும் வாடை வீசும் டுரியன் பழம் கொண்டுபோக அனுமதி கிடையாது. பழத்தின் படத்தைப் போட்டே பலகை வைத்திருக்கிறார்கள். பழுத்த கூழன் சக்கையை (பலாப்பழத்தை) கோணிப்பையில் கட்டிக்கொண்டு ஏறும் நம் ஆட்கள் அங்கே என்ன பாடுபடுவார்களோ! கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் போன்ற இடங்களுக்கு வாசனைத் திரவியம் பூசாமல் வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் 1990களிலேயே வேரூன்றிவிட்டது. ஜப்பானில் 2021ஆம் ஆண்டு அரசுத் துறைகள் சேர்ந்து ஒரு சுவரொட்டி வெளியிட்டன. துணி துவைக்கும் மணநீர் முதலியவற்றின் வாசனையால் துன்பப்படுகிறவர்கள் அருகிலேயே இருக்கலாம் என்று அது மென்மையாக நினைவூட்டியது. தண்டனை எதையும் அது பேசவில்லை. எனக்குப் பிடித்தது அந்த முறைதான். நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் அப்படி ஒரு பலகை வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அதில் மீனையோ வியர்வையையோ பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.

கேள்வி: என் ஆறு வயது மகன் பள்ளி வேனில் ஏறிய சில நிமிடங்களில் வாந்தி எடுத்துவிடுகிறான். அதே தூரம் ஸ்கூட்டரில் போனால் ஒன்றும் ஆவதில்லை. வேனில் முன்பக்கம் வாசனைக் குப்பி ஒன்று தொங்குகிறது. அது காரணமாக இருக்குமா? (ஒரு தாய், திங்கள்சந்தை)

பதில்: இருக்கலாம். வளைவும் குலுக்கலும் உள்ள பாதையில் குழந்தைகளுக்குக் குமட்டல் வருவது இயல்பு. அதோடு கடுமையான மணமும் சேர்ந்தால் விரைவாக வரும். வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் வேனுக்குள் அந்தக் குப்பி ஆவியாகிக்கொண்டே இருப்பதால், கதவைத் திறக்கும் நேரத்தில்தான் மணம் மிகக் கடுமையாக இருக்கும். பிள்ளைகள் ஏறுவதும் அந்த நேரத்தில்தான்.

ஓட்டுநரிடம் குப்பியை ஒரு வாரம் மட்டும் கழற்றி வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரேயடியாக எடுத்துவிடுங்கள் என்றால், வேனைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகத்தானே மாட்டினேன் என்று அவருக்கு வருத்தம் வரும். ஒரு வாரம் என்றால் ஒப்புக்கொள்வார். பிள்ளைகள் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே எல்லா ஜன்னல்களையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மகனை முன்வரிசையில், வெளியே பார்க்கும்படி உட்கார வையுங்கள். காலையில் வயிறு முட்ட இட்லி கொடுத்து அனுப்பாதீர்கள். இவ்வளவும் செய்தபின் வாந்தி நின்றால், மற்றத் தாய்மார்களிடமும் பேசிக் குப்பியை நிரந்தரமாக எடுக்கச் சொல்லலாம். நிற்கவில்லை என்றால் குப்பியைக் குறை சொல்வதை விட்டுவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.